ஜூன் வந்தால் புத்தகத்தை மூடலாமா?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களிடமிருந்து கோடையை ஒட்டி வந்த கேள்விகள் இவை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் கேட்டவரின் ஊரைப் போட்டிருக்கிறோம், பெயர்களை விட்டுவிட்டோம்.

மே கடைசியில் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் லீவு விட்டாகிவிட்டது. எங்கள் வீட்டில் 6, 8, 11 வயதில் மூன்று பேர். "எங்களுக்கு மட்டும் ஏன் பாடம்?" என்று தினமும் பஞ்சாயத்து. மூன்று மாதம் விட்டால் படித்ததெல்லாம் போய்விடும் என்கிறார் மாமியார். விடலாமா, கூடாதா? — வாசகி, ஹூஸ்டன்

சட்டத்தைக் காட்டி யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. டெக்சாஸில் ஹோம்ஸ்கூல் என்பது தனியார் பள்ளிக் கணக்கில் சேரும். 1994இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் இதை உறுதி செய்துவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தையும் முறையாக ஒரு பாடத்திட்டத்தின்படி சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை நாள், இத்தனை மணி நேரம் என்ற கணக்கு கிடையாது. ஆகவே லீவு எப்போது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதை ஏன் ஜூலையில் வைக்கிறீர்கள் என்பதே எங்கள் எதிர்க்கேள்வி.

ஹூஸ்டன் ஜூலையில் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளையை வெளியே விட முடியாது. ஏசி அறைக்குள் அடைந்து கிடக்கும் அந்த வேளைதான் பாடத்துக்கு வாகானது. அக்டோபரிலும் நவம்பரிலும் வெயில் தணிந்து பூங்காக்கள் காலியாக இருக்கும், மார்ச்சும் அப்படியே. லீவை அங்கே நகர்த்திக்கொண்டால் பிள்ளைகளுக்கு உண்மையான வெளிவிளையாட்டு கிடைக்கும். டெக்சாஸ் ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் பல இப்படித்தான் ஆண்டைப் பிரித்துக்கொள்கின்றன.

அதற்காக ஜூனிலும் ஜூலையிலும் முழுப் பள்ளி நடத்தச் சொல்லவில்லை. வரலாறு, அறிவியல், கைவேலை எல்லாவற்றையும் மூடி வையுங்கள். கணிதமும் வாசிப்பும் மட்டும் இருக்கட்டும். மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் எல்லாப் பாடத்துக்கும் அல்ல. சோழர் கதையோ ரோமர் கதையோ கேட்ட பிள்ளைக்கு மூன்று மாதத்தில் அது மறந்தாலும் மறுபடி சொன்னால் ஒட்டிக்கொள்ளும். வாய்ப்பாடும், கடன்வாங்கிக் கழித்தலும், நீள்வகுத்தலும் அப்படியல்ல. கை ஓடாமல் நின்றுவிட்டால் செப்டம்பரில் பாதி மாதம் அதற்கே போகும். எட்டு வயதுக்கு 20 நிமிடம், பதினொன்றுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள். ஆறு வயதுக் குழந்தைக்குத் தனியாக உட்கார வேண்டியதே இல்லை; சப்பாத்தி எண்ணுவதும் கடையில் காசு கூட்டுவதும் போதும், பத்து நிமிடம் உரக்க வாசித்தால் சரி.

இதில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஓர் இடத்தில்தான்: "தினம் ஐந்து பக்கம்" என்று பக்கத்தால் அளப்பது. பக்கத்தால் அளந்தால் பிள்ளை பென்சிலைச் சீவும், தண்ணீர் குடிக்கும், பதினொன்றரை வரை இழுக்கும். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். நேரத்தால் அளங்கள். அடுப்பு டைமரை வைத்து, மணி அடித்ததும் கணக்கு பாதியில் நின்றாலும் மூடிவிடுங்கள். முதல் வாரம் ஏமாற்றுவார்கள். மணி அடித்தால் நிஜமாகவே விட்டுவிடுகிறீர்கள் என்று தெரிந்த பிறகு ஏமாற்ற வேண்டிய தேவை இருக்காது.

இன்னொன்று. புத்தகத்தின் கடைசி இருபது பாடம் முடியவில்லையே என்று தவிக்காதீர்கள். பல கணிதப் புத்தகங்களில் அடுத்த வகுப்பின் முதல் இருபது, முப்பது பாடங்கள் முந்தைய ஆண்டின் மறுபார்வைதான்.

நியூயார்க்கில் இதுதான் எங்களுக்கு முதல் ஆண்டு. கோடையில் என்னென்ன தாள் அனுப்ப வேண்டும்? மறைக்கல்வியையும் அதில் காட்ட வேண்டுமா? — வாசகர், லாங் ஐலண்ட்

அமெரிக்காவிலேயே தாள் வேலை அதிகமுள்ள மாநிலங்களில் உங்களுடையது ஒன்று. வரிசை இது. ஜூலை 1க்குள் உங்கள் பள்ளி மாவட்ட சூப்பரின்டெண்டன்டுக்கு, வரும் ஆண்டில் இந்தப் பிள்ளையை வீட்டில் படிக்கவைக்கிறோம் என்று ஒரு கடிதம். ஆண்டின் நடுவில் தொடங்குவோர் தொடங்கிய 14 நாளுக்குள் அனுப்பலாம். கடிதம் கிடைத்த பத்து வேலை நாளுக்குள் அவர்கள் விதிகளின் நகலும், ஐ.ஹெச்.ஐ.பி. என்ற தனிப் பாடத்திட்டப் படிவமும் அனுப்புவார்கள். அதை நிரப்பி, கைக்குக் கிடைத்த நான்கு வாரத்துக்குள் அல்லது ஆகஸ்ட் 15க்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு ஆண்டில் நான்கு காலாண்டு அறிக்கை. ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணி நேரம், ஏழு முதல் பன்னிரண்டு வரை 990 மணி நேரம். நான்காம் காலாண்டு அறிக்கையோடு ஆண்டு மதிப்பீடும் போக வேண்டும்.

மறைக்கல்வி அவர்கள் கேட்கும் பாடப் பட்டியலில் இல்லை. எழுத வேண்டிய கட்டாயமில்லை. எழுதினால் தப்பில்லை, ஆனால் கேட்காததை எழுதிக் கேள்வியை விலைக்கு வாங்குவானேன்? அதே போல ஒரு பாடத்துக்கு ஒரே புத்தகத்தைப் போட்டு அதில் கட்டிப்போட்டுக்கொள்ளாதீர்கள். "கீழ்க்கண்டவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து" என்று இரண்டு மூன்று பெயரைக் கொடுத்தால் நவம்பரில் புத்தகம் பிடிக்காமல் மாற்றும்போது சிக்கல் வராது. மின்னஞ்சலில் அனுப்பினாலும் பெற்றுக்கொண்டோம் என்ற பதிலைக் கேட்டு வாங்கிச் சேமியுங்கள்.

கோடையில் வேலை மாறி இடம் பெயர்வோருக்கு இங்கேயே ஒரு எச்சரிக்கை. நியூ ஜெர்சியில் முன்கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. அந்தப் பழக்கத்திலேயே ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குக் குடிபோனால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே தொடர்ந்து வீட்டில் படிக்கவைப்போர் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1க்குள் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும், புதிதாகத் தொடங்குவோர் தொடங்கும் முன்பே. முடிந்த ஆண்டின் வேலைகளை ஒரு தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் பார்த்துத் தரும் சான்று ஜூன் 30க்குள். 3, 5, 8ஆம் வகுப்புகளில் தரப்படுத்திய தேர்வு. வர்ஜீனியாவில் அறிவிப்புக்கு ஆகஸ்ட் 15, முந்தைய ஆண்டு முன்னேற்றச் சான்றுக்கு ஆகஸ்ட் 1. இந்தத் தேதிகளைக் காலண்டரில் இப்போதே சிவப்பு மையில் போடுங்கள்.

கோடையில் எட்டரை வரை வெளிச்சம். இரண்டு வயதும் ஐந்து வயதும் ஜெபமாலைக்கு உட்காருவதே இல்லை. ஊரிலிருந்து அத்தை வந்திருக்கிறார். ஐம்பத்து மூன்று மணியும் சொல்லியே தீர வேண்டும் என்கிறார். — வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

அத்தை ஐம்பத்து மூன்றும் சொல்லட்டும், பிள்ளைகள் பத்து சொல்லட்டும். மாலையில் பத்து மணி சேர்ந்த ஒரு பகுதிதான் பத்துமணி; அதற்கு மூன்று நான்கு நிமிடம். ஐந்து வயதுக்கு அதுதான் அளவு. முதல் பத்துமணி எல்லோரும் சேர்ந்து, பிறகு சின்னவர்கள் எழுந்து அதே அறையில் சத்தமில்லாமல் விளையாடலாம், பெரியவர்கள் தொடரலாம். வேறு அறைக்கு அனுப்பினால் ஜெபம் என்பது நம்மைத் துரத்திவிட்டுச் செய்யும் காரியம் என்றாகிவிடும்.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். இரவு உணவுக்குப் பிறகு என்றால் வெளிச்சமும் தெருச் சத்தமும் பிள்ளைகளை ஜன்னலுக்கு இழுக்கும். உணவுக்கு முன், குக்கர் விசில் வரக் காத்திருக்கும் வேளையில் வைத்தால் பசியே ஒரு கடிவாளம். மெழுகுவர்த்தி ஏற்றுவது பெரியவர் வேலை, அணைப்பது கடைசிவரை உட்கார்ந்திருந்த பிள்ளையின் உரிமை. இந்த லஞ்சம் நன்றாக வேலை செய்யும்.

அத்தை வந்திருப்பதை வீணாக்காதீர்கள். அவர் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று பழைய பாடத்தில் தொடங்கினால் பிள்ளைகள் விழிப்பார்கள். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்ற இப்போதைய பாடத்தையே எல்லோரும் சொல்வதென்று முதல் நாளே பேசி வையுங்கள். பிறகு முன்பாதியை அத்தை மட்டும், "புனித மரியே, இறைவனின் தாயே" என்ற பின்பாதியைப் பிள்ளைகள் மட்டும். ஒரு பாதியை ஒரே மாலையில் பத்து தடவை சொல்லும்போது, தமிழ் எழுத்தே தெரியாத குழந்தைக்கும் சில வாரத்தில் அது வாயில் வந்துவிடும். அடுத்த மாதம் பாதியை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்பிக்கப் போனால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

ஒன்பது வயது மகனுக்குக் கை சும்மா இருக்காது. ஜெபமாலை கட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்று கைவினைக் கடையில் மணி வாங்கினேன். முடிச்சு நிற்கவே இல்லை, மணியெல்லாம் உருவிக்கொண்டு வருகிறது. — வாசகி, டாலஸ்

நீங்கள் வாங்கியது அநேகமாகப் போனி மணியாக இருக்கும். பிள்ளைகளின் வளையலுக்கென்று பெரிய டப்பாவில் விற்பது. அதன் துளை 4 மில்லிமீட்டர். எந்த முடிச்சும் அதற்குள் நழுவிவிடும். 8 மில்லிமீட்டர் மணி, துளை ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர், கயிறு சுமார் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள முறுக்கு நைலான். இந்த மூன்றும் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. பருத்தி நூல் வேண்டாம். வியர்வைக் கையில் அழுக்கேறும், நுனியைத் தீயில் காட்டினால் உருகாமல் கருகும்.

தேவை: சிறுமணி 53, பெருமணி 6, மூன்று துளையுள்ள நடுப்பதக்கம் ஒன்று, சிலுவை ஒன்று. கயிறு நான்கு அடி ஒரு துண்டு, ஒன்றரை அடி ஒரு துண்டு. மணிகளைத் தட்டில் கொட்டாதீர்கள், ஒரு உருளலில் சோபாவுக்கு அடியில் போய்விடும். காலி முட்டை அட்டையில் ஐந்து குழிக்குப் பத்துப் பத்தாகச் சிறுமணி, ஆறாவதில் மூன்று, ஏழாவதில் ஆறு பெருமணி. குழி காலியானால் பத்துமணி முடிந்தது, நடுவில் "எத்தனை கோத்தேன்?" என்ற கேள்வியே வராது. இதைச் செய்யாமல் தொடங்குவோர் கட்டும் மாலையில் ஏதாவது ஒரு பத்துமணியில் ஒன்பதோ பதினொன்றோ இருக்கும், அதுவும் கட்டி முடித்த பிறகுதான் கண்ணில் படும்.

கயிற்று நுனியைப் பெரியவர் ஒருவர் லைட்டரில் ஒரு நொடி காட்டி உருக்கி, ஆறியதும் சாய்வாக வெட்டினால் ஊசியைப் போல் மணிக்குள் போகும். நான்கு அடித் துண்டைப் பதக்கத்தின் மேல்துளை ஒன்றில் இரட்டை முடிச்சாகக் கட்டுங்கள். ஒட்ட ஒரு முடிச்சு போட்டு, பத்து சிறுமணி, மறுபடி முடிச்சு. ஒரு சென்டிமீட்டர் வெறுங்கயிறு விட்டு முடிச்சு, பெருமணி, முடிச்சு. மறுபடி ஒரு சென்டிமீட்டர் விட்டு அடுத்த பத்து. இப்படி ஐந்து பத்தும் இடையில் நான்கு பெருமணியும் முடிந்தால் மறுநுனியைப் பதக்கத்தின் இன்னொரு மேல்துளையில் கட்டலாம். சின்னத் துண்டு கீழ்த்துளைக்கு: பெருமணி, மூன்று சிறுமணி, பெருமணி, கடைசியில் சிலுவை.

சிறுவர்கள் சறுக்குவது முடிச்சின் இடத்தில். முடிச்சைக் கையால் இறுக்கினால் அது மணியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் போய் உட்கார்ந்துவிடும். முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அந்த வளையத்துக்குள் ஒரு பல்குச்சியை நுழைத்து, குச்சியாலேயே முடிச்சை மணியை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்து, வேண்டிய இடம் வந்ததும் குச்சியை உருவிக்கொண்டே கயிற்றை இழுக்க வேண்டும். நான்கைந்து முடிச்சில் கை பழகிவிடும். எதிர்த்தவறும் உண்டு: பத்து மணியையும் இடைவெளியே இல்லாமல் நெருக்கி முடிச்சிட்டால் மாலை கம்பி போல விறைத்து நிற்கும், ஜெபிக்கும்போது மணி நகராது. ஒரு மணியின் பாதி அளவாவது அசைய இடம் வேண்டும்.

முடிந்ததும் பதக்கத்திலும் சிலுவையிலும் உள்ள முடிச்சுகளுக்கு மட்டும் ஒரு சொட்டுப் பசை. உடனடிப் பசையை அதிகம் விட்டால் பக்கத்து மணி மேல் வெள்ளைப் படலம் படியும், துடைத்தாலும் போகாது. பசை காய்ந்த பிறகே மீதிக் கயிற்றை வெட்டுங்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு ஒரு மாலைக்கு இரண்டு மதிய வேளை பிடிக்கும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் அது தூங்கும் வேளையில்தான் இந்த வேலை. 8 மில்லிமீட்டர் மணி தொண்டையில் சிக்கும்.

சேர்ந்த மாலைகளை உங்கள் பங்குக் கோவிலில் கொடுத்தால் சிறைப் பணிக்கோ மறைபரப்பு நாடுகளுக்கோ அனுப்புவார்கள். சிறைக்கு என்றால் முன்பே கேளுங்கள். உலோகச் சிலுவையை அனுமதிக்காத இடங்கள் உண்டு.

மகளுக்கு ஏழு முடிந்துவிட்டது. புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) பங்கில் இரண்டு ஆண்டு ஞாயிறு வகுப்புக்கு வர வேண்டும் என்கிறார்கள். ஞான உபதேசம் வீட்டிலேயே நடக்கிறது. இந்தக் கோடையில் வீட்டில் தயாரித்து வாங்க முடியுமா? — வாசகர், பிலடெல்பியா

திருச்சபைச் சட்டம் 914, பிள்ளையைத் தயாரிக்கும் கடமையை முதலில் பெற்றோர் மேலும், அடுத்து பங்குத்தந்தை மேலும் வைக்கிறது. தயாராகிவிட்டதா என்று பார்க்கும் பொறுப்பும், போதிய பக்குவம் இல்லாதவரை நிறுத்திவைக்கும் பொறுப்பும் அதே சட்டப்படி பங்குத்தந்தையுடையது. ஆகவே "எங்களுக்கு உரிமை உண்டு" என்று சட்ட எண்ணைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தச் சட்டத்தில் அவர் பங்கும் இருக்கிறது. பல மறைமாவட்டங்களில் ஹோம்ஸ்கூல் குடும்பங்களுக்கெனத் தனி வழிமுறையே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மறைமாவட்ட மறைக்கல்வி அலுவலகத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.

பங்குத்தந்தையைப் பார்க்கச் சரியான காலம் ஜூன், ஜூலை. செப்டம்பரில் போனால் வகுப்புப் பதிவு நெருக்கடியில் அலுவலகம் விதியைத்தான் காட்டும். போகும்போது எந்தப் புத்தகத்தில் எதுவரை முடித்திருக்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், பத்து நிமிடம் அவரே கேட்டுப் பார்த்துவிட்டால் பேச்சு எளிதாகிவிடும். அவர் பார்ப்பது மனப்பாடத்தை அல்ல. நற்கருணை சாதாரண அப்பமல்ல, இயேசுவே என்று தன் வயதுக்கு ஏற்பப் புரிந்திருக்கிறதா. பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்யத் தெரியுமா. உட்கொள்ள ஆசை இருக்கிறதா.

பாவசங்கீர்த்தனம் முதலில் என்பதை மறந்துவிட்டுக் கோடை முழுவதும் நற்கருணைப் பாடத்தையே ஓட்டுவோர் உண்டு. ஜூனை அதற்கே ஒதுக்குங்கள்: பத்துக் கட்டளை, ஆன்ம சோதனை, உத்தம மனஸ்தாப மந்திரம். குருவிடம் என்ன சொல்லித் தொடங்குவது என்பதை வீட்டு நாற்காலியை வைத்து நடித்துப் பழகட்டும், ஆனால் பழகும்போது உண்மையான பாவத்தைச் சொல்ல வைக்காதீர்கள், கற்பனைப் பாவம் போதும். பங்குத்தந்தை முடிவாக மறுத்துவிட்டால் வகுப்புக்கு அனுப்புங்கள். ஞாயிறு ஒரு மணி நேரம் போவதால் வீட்டில் கற்றது குறைந்துவிடாது, பங்கில் நாலு பிள்ளைகளையும் தெரிந்துகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மாலையில் அக்கம்பக்கத்தார் பார்பெக்யூவுக்குக் கூப்பிடுகிறார்கள். இறைச்சி சாப்பிடலாமா? — வாசகர், ஆஸ்டின்

தவக்காலத்துக்கு வெளியே அமெரிக்காவில் கட்டாயமில்லை. 1966இல் ஆயர்கள் வெள்ளிக்கிழமைப் புலால் விலக்கைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வெள்ளி தவநாள் என்பதை எடுக்கவில்லை. இறைச்சியைச் சாப்பிட்டால் வேறொரு ஒறுத்தலைத் தேர்ந்துகொள்ளுங்கள், பாத்திரம் கழுவுவது பிள்ளைகளுக்கு நல்ல ஒறுத்தல். இயேசுவின் திரு இருதயப் பெருவிழா வெள்ளியில்தான் வரும், இந்த ஆண்டு, 2026இல், ஜூன் 12. பெருவிழா என்பதால் அன்று புலால் விலக்கு எந்த நாட்டிலும் கிடையாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புனிதர் திருநாள்களுக்குக் குறைவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் கைவேலை, பலகாரம் என்று தொடங்கி இரண்டாவது வாரமே களைத்துப் போனேன். எதை வைத்துக்கொள்ள, எதை விட? — வாசகி, சான் ஹோசே

எல்லாவற்றையும் விடுங்கள், நான்கைத் தவிர. கத்தரிக்கோலும் பசையும் இல்லாத திருநாளே பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும்; காகிதப் புனிதரை வெட்டி ஒட்டுவது பெரும்பாலும் அம்மாக்களின் வேலையாகத்தான் முடிகிறது.

ஜூலை 3 தோமையார். சென்னைப் பரங்கிமலையும் சின்னமலையும் பாட்டி தாத்தா வாயிலாகக் கேட்க வேண்டிய கதை. வீடியோ அழைப்பில் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள், உங்கள் வேலை வரைபடத்தை விரித்து வைப்பது மட்டும். ஜூலை 26 மரியாவின் பெற்றோரான சுவக்கீனும் அன்னாவும். அன்று தாத்தா பாட்டிக்குப் பிள்ளைகள் கையால் தமிழில் ஒரு கடிதம், நான்கு வரி போதும். அஞ்சல் கடலைத் தாண்ட வாரக்கணக்கில் ஆகும், ஜூலை தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். ஆகஸ்ட் 15 மரியாவின் விண்ணேற்பு. அன்று மூலிகைக் கொத்தை ஆசீர்வதிக்கும் வழக்கம் போலந்து, ஜெர்மன் மரபுப் பங்குகளில் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் போலந்துப் பங்கு இருந்தால் கேட்டுவிட்டுக் கொல்லையிலிருந்து கறிவேப்பிலையும் புதினாவும் கட்டிக் கொண்டுபோகலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அமெரிக்காவில் ஆகஸ்ட் 15 சனியிலோ திங்களிலோ விழுந்தால் கடன் திருப்பலி (கட்டாயம் போக வேண்டிய பூசை) இல்லை. 2026இல் அது சனி. கடன் இல்லாவிட்டாலும் போகலாமே.

நான்காவது வேளாங்கண்ணி மாதா. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருநாள். வாஷிங்டன் அமல உற்பவ தேசியத் திருத்தலத்தில் 1997 முதல் ஆரோக்கிய அன்னைக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. கிழக்குக் கரைக் குடும்பங்களுக்கு ஒருநாள் பயணம். சான் ஹோசேயிலிருந்து அது முடியாது, வீட்டில் ஒன்பது நாள் நவநாள் போதும்.

ஐந்தாவதாக ஒன்று கேட்டால் ஆகஸ்ட் 10, லாரன்ஸ். இரும்புக் கட்டிலில் வாட்டிக் கொல்லப்பட்டவர் என்பது மரபு. அதை வைத்து அன்று இங்கே பல வீடுகளில் கிரில் போடுகிறார்கள். புனிதருக்கே நகைச்சுவை உணர்வு உண்டு என்பதால் பொறுத்துக்கொள்வார்.

கோடையில் வார நாள் திருப்பலிக்குப் பிள்ளைகளோடு போக ஆசை. எட்டு மணிப் பூசை. என்ன தயாரிப்பு? — வாசகி, சான் அன்டோனியோ

ஸ்வெட்டர். வெளியே கொளுத்தினாலும் டெக்சாஸ் கோவில்களுக்குள் ஏசி குளிரில் குழந்தை நடுங்கி அழும், நீங்கள் அதை அடம் என்று நினைப்பீர்கள். நற்கருணை உட்கொள்வோருக்கு ஒரு மணி நேர உபவாசம். வார நாளில் எட்டு மணிப் பூசைக்கு நற்கருணை எட்டு இருபதை ஒட்டி வரும், ஏழே காலுக்குள் சாப்பிட்டு முடிக்கட்டும். தண்ணீர் உபவாசத்தை முறிக்காது. கடைசி வரிசை வேண்டாம், முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் முன்னால் உட்காருங்கள், வெளியேற வழியும் இருக்கும். வாரம் ஐந்து நாள் என்று தொடங்காதீர்கள். ஒரே கிழமையை நிலையாக வையுங்கள், அது பழகிய பிறகு இரண்டாவதைச் சேருங்கள்.

பள்ளி நண்பர்கள் இல்லாததால் கோடையில் பிள்ளைகள் தனிமைப்படுகிறார்கள். — வாசகர், கேன்சஸ் சிட்டி

டோட்டஸ் டூயஸ் என்ற கத்தோலிக்கக் கோடை மறைக்கல்வித் திட்டம் உங்கள் பகுதிக்கு நன்கு அறிமுகமானது. கல்லூரி மாணவர்களும் குருமாணவர்களும் ஒரு பங்கில் ஒரு வாரம் தங்கி நடத்துவார்கள்; சிறுவர்களுக்குப் பகலில், ஏழாம் வகுப்பு முதல் மாலையில். மறைமாவட்டத் தளத்தில் எந்த வாரம் எந்தப் பங்கு என்று இருக்கும்; உங்கள் பங்கில் இல்லாவிட்டாலும் பக்கத்துப் பங்கில் சேர்த்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். ஊர் நூலகத்தின் கோடை வாசிப்புத் திட்டம் இலவசம். ஆனால் ஒரு வாரத்தில் நான்கு புது இடம் என்று ஓடினால் நட்பு ஏற்படாது. ஒரே பூங்கா, ஒரே கிழமை, ஒரே மணி, இரண்டு குடும்பம் வந்தாலே போதும்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் தூத்துக்குடியில் இருப்போம். எந்தப் புத்தகத்தை எடுத்துப் போக? அங்கே படித்தது கணக்கில் சேருமா? — வாசகி, பஃபலோ, நியூயார்க்

கணிதப் புத்தகம் ஒன்று, அவ்வளவே. மீதிப் பெட்டி இடத்தை மிச்சப்படுத்துங்கள். ஊரில் உறவினர் வீட்டில் பாட நேரம் வைத்தால் நடக்காது. காலைக் காபிக்கு முன் இருபது நிமிடம் மட்டும் நடக்கும். தமிழ் வாசிக்கப் பங்கின் திருப்பலி வாசகத் தாளையே தினமும் எடுத்துக்கொள்ளலாம், எழுத்தும் பெரிது, மாலையில் அதே வரிகள் கோவிலில் காதிலும் விழும்.

நியூயார்க்கின் கல்வியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, ஆகவே ஜூலையில் படித்ததைப் புது ஆண்டின் மணிக்கணக்கில் எழுதலாம். கிளம்பும் முன் ஜூலை 1 கடிதத்தை அனுப்பிவிடுங்கள். ஐ.ஹெச்.ஐ.பி. படிவம் தபாலில் வந்து பஃபலோ வீட்டுப் பெட்டியில் தூங்கக் கூடாது. மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். பனிமயமாதா திருநாள் ஆகஸ்ட் 5. அன்றும் முந்தைய நாள்களிலும் ஊருக்குள் வண்டி நகராது, சின்னப் பிள்ளை இருந்தால் நவநாளின் தொடக்கத்திலேயே ஒரு காலைப் பூசைக்குப் போய் வந்துவிடுங்கள்.